ஊவாவின் சுற்றுலாத் தடமும் தோட்ட மக்களின் வரலாறும்

ஒரு நாட்டின் பழமையைக் காணப் புறப்படும் பிரயாணி முதலில் தேடுவது கல்லையே. விகாரை, தூபி, கல்வெட்டு, சிலை, பழைய பாலம் என்பனவே வரலாற்றுச் சின்னங்கள் என்று அவனுக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. இவற்றுக்கிடையே களைப்பாற அருவியும் சுனையும் வேண்டும். காலையில் இடிபாடு, மதியத்தில் நீராட்டம், மாலையில் திரும்புதல் என்னும் ஒரு நாட் சுற்றுலா முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஊவா மாகாணமும் இதற்கு விலக்கன்று. பதுளை, எல்ல, வெல்லவாய, கொஸ்லந்தை, அப்புத்தளை ஆகிய ஊர்களை இணைத்து வழிகாட்டிகள் உல்லாசப் பிரயாணிகளை அழைத்துச் செல்கின்றனர். அத்தடத்தின் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களின் ஊடாகவே செல்கிறது. எனினும் தோட்டம் அங்கே வரலாறாக அன்றிக் காட்சியாகவே காட்டப்படுகிறது. அத்தடத்தையே ஓர் ஆவணமாகக் கொண்டு வாசித்தால் புலப்படுவது யாது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இவ்வகைச் சுற்றுலாவுக்கு உலகறிந்த உதாரணம் மெக்சிக்கோ நாட்டின் யுகட்டான் குடாநாடாகும். சுண்ணாம்புக் கல்லாலான அந்நிலத்தின் வடபகுதியில் மேற்பரப்பில் ஓடும் ஆறுகள் இல்லை எனலாம். நிலத்தடி நீர் பாறையைக் கரைத்து, மேற்றளம் இடிந்து, ஆழமான இயற்கைக் கிணறுகள் தோன்றின. செனோட்டே எனப்படும் இக்கிணறுகளே மாயா மக்களின் நகரங்களுக்கு நீர் அளித்தன. இன்று சிச்சென் இட்சாவின் கோபுரத்தைக் காலையில் கண்டவர்கள் மதியத்தில் செனோட்டேயில் நீந்துகின்றனர். மாயா மக்கள் மறைந்து போனவர்கள் என்பது சுற்றுலாவின் விருப்பமான கதை. உண்மையில் மெக்சிக்கோ, குவாத்தமாலா, பெலிஸ் ஆகிய நாடுகளில் மாயா மொழிகளைப் பேசுவோர் பல இலட்சக்கணக்கில் வாழ்கின்றனர். அவர்களின் முன்னோர் 1847ஆம் ஆண்டில் யுகட்டானில் பெருங்கிளர்ச்சி செய்தனர். பின்னர், கயிறு திரிக்கும் நாருக்காக வளர்க்கப்பட்ட கற்றாழைத் தோட்டங்களிலே கடனால் கட்டுண்டு உழைத்தனர். சிச்சென் இட்சாவின் இடிபாடுகள் அமைந்த நிலமே ஒரு பெருந்தோட்டத்தின் பகுதியாயிருந்தது. அத்தோட்டத்தை வாங்கிய எட்வேர்ட் தொம்சன் என்னும் அமெரிக்கர், 1904ஆம் ஆண்டு முதல் அங்குள்ள புனிதக் கிணற்றைத் தோண்டி அரும்பொருள்களைத் தம் நாட்டுக்கு அனுப்பினார். கோபுரத்தைக் கட்டியவன் போற்றப்படுகிறான். அவன் வழிவந்து நார் உரித்தவன் மறக்கப்படுகிறான். இத்தெரிவு யுகட்டானுக்கு மட்டும் உரியதன்று.

பதுளை நகரிலிருந்து தொடங்குவோம். நகரின் நடுவே முத்தியங்கன விகாரை உளது. பௌத்தர் புனிதமெனப் போற்றும் பதினாறு தலங்களுள் அஃதொன்று. நகரில் நிறுத்தப்பட்டுள்ள கற்றூண் சாசனமோ பலரும் நின்று பாராத ஒன்று. மகியங்கனைக்கு அண்மையிலுள்ள சொரபொர குளப் பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குக் கொண்டுவரப்பட்ட இச்சாசனம், பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட நான்காம் உதய மன்னன் காலத்தது. ஹோப்பிட்டிகம என்னும் சந்தை ஊரின் வணிகரும் குடியானவரும், அரச அலுவலர் தம்மிடம் முறைகேடாக நடந்துகொள்வதாக மன்னனிடம் முறையிட்டனர். அம்முறைப்பாட்டின் பேரில் சந்தையில் வரி அறவிடவேண்டிய முறையும், அலுவலர் செய்யத்தகாத செயல்களும் கல்லிலே பொறிக்கப்பட்டன. ஊவாவின் பழைய ஆவணங்களுள் ஒன்று மன்னனின் வெற்றியைப் பாடாது சாதாரண மக்களின் குறையைப் பேசுகின்றமை கவனத்திற்குரியது. குறையைக் கேட்டவன் அதனைக் கல்லில் எழுதுவிக்கும் அதிகாரம் உடையவனாயிருந்தான் என்பதும் உடன் நினைக்கத்தக்கது. பிற்காலத்தில் இம்மலைகளுக்கு வந்து சேர்ந்த மக்களின் முறைப்பாடுகளுக்கு அத்தகைய கல் வாய்க்கவில்லை.

அதே நகரில் 1857ஆம் ஆண்டைச் சேர்ந்த புனித மாற்கு தேவாலயம் உளது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரொஜர்சின் நினைவாக எழுப்பப்பட்டது அது. ஊவாவில் வீதிகள் அமைத்தவர் என்று புகழப்படும் இவர், ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்றும் சொல்லப்படுகிறார். 1845ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். யானைகளின் பழி அவரைத் தொடர்ந்தது என்பது மக்கள் வழக்கு. வழிகாட்டிகள் இக்கதையைச் சுவைபடச் சொல்வர், கேட்போரும் விரும்புவர். ஆனால் ரொஜர்சுக்குச் சில பத்தாண்டுகள் முன்னர் இதே ஊவாவில் நிகழ்ந்தது சுவைக்குரிய கதையன்று. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817ஆம் ஆண்டில் வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி மூண்டது. பதுளையிலிருந்து அதனை விசாரிக்கச் சென்ற வில்சன் என்னும் அதிகாரி அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்து அவர்தம் தலைவரானார்; 1818ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் ஊர்களைத் தீயிட்டன. பயிரையும் கால்நடையையும் அழித்தன. 'இலட்சம் வயல்' என்று பொருள்படும் பெயர் பூண்ட வெல்லஸ்ஸவில் வயல்கள் தரிசாயின. ஊவாவின் இடிபாடுகளுள் மிகப் பெரியது இதுவே. கட்டணம் செலுத்திக் காணும் இடமாக இஃது இல்லாமையால் பிரயாணியின் கண்ணுக்குப் படுவதில்லை.

வெறுமையாக்கப்பட்ட நிலத்தின் மேலும் அழிக்கப்பட்ட காட்டின் மேலும் எழுந்ததே பெருந்தோட்டப் பொருளாதாரம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசின் உடைமையாகக் கருத வழிசெய்தது. கிராமத்தவரின் மேய்ச்சற் காடும் சேனை நிலமும் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. சிங்களக் குடியானவர் தம் வயலை விட்டுத் தோட்டத்தில் நிலையான கூலியாக முன்வராமையால், தென்னிந்தியாவின் வரண்ட மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலைகளுக்குப் பிரிந்து சென்றனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலே வீழ்ந்தோர் பலர். 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்தமையை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று இடம்பெற்றது. முன்னோருள் ஊவாவுக்கென ஒதுக்கப்பட்டோருக்கோ மாத்தளை முடிவிடமன்று. அதற்கப்பாலும் மலைகளும் கணவாய்களும் காத்திருந்தன.

அக்காலத்துத் துரைமார் கையாண்ட ஒரு நூலை இங்குச் சுட்டுதல் பொருந்தும். ஏ. எம். பெர்குசன் என்பார் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென ஒரு கைநூல் வெளியிட்டார். அதன் பெயர் 'இங்கே வா'. பிற தேசத்துக்குச் செல்வோர் கற்கும் முதற் சொல் வணக்கமாக இருத்தல் உலக வழக்கு; தோட்டத் தமிழில் அது கட்டளையாக அமைந்தது. கங்காணி முறையின் இயல்பு முழுவதையும் அவ்விரு சொற்களும் உணர்த்திவிடுகின்றன. ஊரிலே முற்பணம் கொடுத்து ஆள்கட்டி வந்த கங்காணியே தோட்டத்தில் மேற்பார்வையாளனும் கடன்காரனுமாவான். ஆளின் கடன் எவ்வளவு என்று எழுதப்பட்ட 'துண்டு' இன்றி வேறு தோட்டத்திற்கு மாறமுடியாது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. யுகட்டான் நார்த் தோட்டங்களின் கடன் அடிமைத்தனத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கினால் வேறுபாடு பெயரளவிலேயே தங்கும்.

கோப்பி நிலைக்கவில்லை. அதனை அழித்த இலை நோய் முதன்முதலாக அறியப்பட்டது 1869ஆம் ஆண்டில், பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமையிலாகும். ஏறத்தாழ இரு பத்தாண்டுகளுள் இலங்கையின் கோப்பித் தொழில் வீழ்ந்தது. துரைமார் பலர் கடனாளிகளாயினர். தொழிலாளருக்கு ஏற்பட்ட இழப்போ கணக்கெடுப்பாரற்றுப் போயிற்று. பின்னர் தேயிலை வந்தது. 1890ஆம் ஆண்டளவில் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் பெயரால் ஒரு மலைமுகடு இன்றும் அழைக்கப்படுகிறது. அவர் அமர்ந்து தம் தோட்டங்களை நோக்கிய இடம் என்று அங்கே காட்டுகின்றனர். அமர்ந்தவரின் பெயர் மலைக்கு நிலைத்துவிட்டது. அம்முகட்டுக்கு ஏறும் வழியெங்கும் கொழுந்துக் கூடையுடன் நிற்கும் பெண்கள் பிரயாணிகளின் புகைப்படங்களில் பெயரின்றி இடம்பெறுகின்றனர். கச்சான் காற்று வீசும் யூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் உண்டாகிறது. உலகச் சந்தையில் அதற்குத் தனி விலையும் உண்டு.

தேயிலையைத் துறைமுகத்துக்கு எடுத்துச்செல்லவே புகையிரதப் பாதை மலையேறியது. 1885ஆம் ஆண்டில் நானுஓயாவையும் 1894ஆம் ஆண்டில் பண்டாரவளையையும் அடைந்த பாதை, பதுளையைச் சேர்ந்தது 1924ஆம் ஆண்டு பெப்ரவரியில். எஞ்சியிருந்த சிறு தூரத்துக்கு முப்பது ஆண்டுகள் சென்றன. தெமோதரையில் பாதை வளைந்து இறங்கித் தான் கடந்துவந்த நிலையத்தின் கீழாகவே சுரங்கத்தினூடு செல்கிறது. அதற்கு முன், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, 1921ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் நிற்கிறது. இரும்புச் சட்டங்களின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டது. போர்க்காலத்தில் இரும்பு கிடைக்காமையால் உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் கட்டிமுடித்தார் என்பது ஊர்க்கதை. இன்று ஊவாவில் அதிகம் புகைப்படம் எடுக்கப்படும் கட்டடம் இதுவே என்றால் மிகையாகாது. பதுளைக்கு அண்மையில், போகொட என்னும் இடத்தில், பழைய அரச பாதையில் அமைந்த கூரையிட்ட மரப்பாலத்தை அருஞ்சின்னமாகப் பேணுகின்றனர். அது முற்றிலும் தகும். ஆனால் புகையிரதப் பாலமும் வீதியும் மலைச்சரிவில் கற்களை அடுக்கி எழுப்பிய அணைகளும் யாருடைய கைகளால் ஆயின என்று கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

தோட்டங்களின் வரலாறு துன்பக் கதை மட்டுமே என்று கொள்ளுதலும் தவறாகும். 1940ஆம் ஆண்டில் பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் இதற்குச் சான்று. லங்கா சமசமாஜக் கட்சியினரின் வழிகாட்டலில் அவர்கள் தம்முள் ஒரு குழுவைத் தெரிவு செய்தனர். தோட்டத் துரை அக்குழுவுடன் கலந்து பேச உடன்பட நேர்ந்தது. தம்மை அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்தனர். இங்கே வா என்று அழைக்கப்பட்டவர்கள் எதிரே அமர்ந்து பேசும் நிலையை அடைந்த அந்நாள், ஊவாவின் வரலாற்றில் 1818உடன் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. ஆயினும் 1818க்கு ஆண்டுதோறும் நினைவுகூரல் உண்டு. 1940ஐ நினைப்பார் அரியர்.

அடுத்து நேர்ந்தது பலரும் அறிந்ததே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. மறு ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைப் பங்கீட்டுப் பொருளாகக் கொண்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என ஒத்திவைத்தது. பதுளையில் புகையிரதம் ஏறித் தலைமன்னாரில் கப்பல் ஏறிய குடும்பங்கள் தாம் பிறந்திராத ஒரு நாட்டுக்குத் 'திருப்பி' அனுப்பப்பட்டன. தேயிலையைக் கொண்டுசென்ற தண்டவாளம் அதனைப் பறித்தவரையும் கொண்டுசென்றது. எஞ்சியோரின் நாடற்ற நிலை முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

சுற்றுலாத் தடம் எல்லவிலிருந்து தெற்கே இறங்குகிறது. இராவணன் எல்ல அருவியில் வண்டிகள் நிற்கின்றன. சீதையைச் சிறைவைத்த குகை இது என்னும் கதையும் அங்கே விற்பனையாகிறது. வெல்லவாயவைக் கடந்தால் புதுருவகல. ஒரே பாறையில் ஏழு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன; நடுவே நிற்கும் புத்தர் 50 அடிக்கு மேற்பட்ட உயரமுடையவர். அவலோகிதேஸ்வரரும் தாராவும் அருகிருத்தலின் மகாயான பௌத்தம் இப்பகுதியில் கி.பி. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டளவில் நிலவியமை தெளிவாகிறது. தேரவாதம் ஒன்றே ஈழத்தின் பௌத்தம் என எண்ணுவோர் இப்பாறையின் முன் சற்று நேரம் நிற்றல் நன்று. நிற்பதற்குத்தான் ஒரு நாட் சுற்றுலாவில் நேரமில்லை.

வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தைக்கு ஏறும் வீதியில் தியலும நீர்வீழ்ச்சி தோன்றும். 220 மீற்றர் உயரத்திலிருந்து பூனாகலை ஓயா பாறைமுகத்தில் வீழ்கிறது. பம்பரகந்தைக்கு அடுத்ததாக இலங்கையின் இரண்டாவது உயர்ந்த நீர்வீழ்ச்சி இது. வீழ்வதற்கு முன் நீர் பாறைத்தட்டுகளில் படிப்படியாக இறங்கி, குடைந்த குழிகளில் தேங்கித் தடாகங்களாக நிற்கிறது. யுகட்டானின் செனோட்டேயை நீர் கரைத்து ஆக்கியது. தியலுமவின் தடாகங்களை அது தேய்த்து ஆக்கியது. இங்கு நீராடவே பிரயாணிகள் மக்கல்தெனியப் பக்கமாக வந்து புல்வெளியினூடே நடக்கின்றனர். ஒரு புறம் மலைச்சுவரும் மறுபுறம் தென்திசைச் சமவெளியும் விரியும் அக்காட்சியின் அழகை மறுப்பார் இலர். அந்நீர் பூனாகலைத் தோட்டச் சரிவுகளிலிருந்து வருவது. கீழே கிரிந்தி ஓயாவுடன் கலந்து தென்பகுதி வயல்களுக்குச் செல்வது.

அதே மலைத்தொடரின் அடியில், கொஸ்லந்தைக்கு அருகே, மீரியபெத்தை என்னும் தோட்டப் பிரிவு இருந்தது. முன்னைய சரிவுகளால் குவிந்த தளர்ந்த மண்ணின்மேல், செங்குத்தான மலையின் கீழ், லயன் வரிசைகளும் ஒரு கோயிலும் அமைந்திருந்தன. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், தொடர்ந்து பெய்த மழையின் பின், மலைச்சரிவு பெயர்ந்து இறங்கி அவற்றை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். பலரின் உடல்கள் எடுக்கப்படவேயில்லை. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அவ்விடம் ஆபத்தானதென எச்சரித்திருந்தது.

எச்சரிக்கப்பட்டும் மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று அந்நாட்களில் வினவினோர் உளர். இவ்வினாவுக்குரிய விடை மண்ணியலில் இல்லை, வரலாற்றிலேயே உளது. லயன் அறை தொழிலாளிக்குச் சொந்தமன்று. தோட்டத்தில் வேலை செய்பவன் தங்கும் இடமாகவே அது வழங்கப்பட்டது; வேலையை விட்டால் அறையையும் விடவேண்டும் என்பதே மரபு. அவன் காலடியிலுள்ள நிலம் 1840ஆம் ஆண்டிற்குப் பின் துரைக்கு விற்கப்பட்டது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசிடம் வந்தது. 1992ஆம் ஆண்டில் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளுக்கு அளிக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டில் உடைமை இத்தனை முறை கைமாறியபோதும் ஒரு முறையேனும் அதில் குடியிருந்தவனிடம் வரவில்லை. கிராமத்துக் குடியானவன் ஆபத்து வந்தால் தன் காணியை விட்டு உறவினர் காணிக்குச் செல்வான். லயன்காரனின் உறவினரும் லயனிலேயே இருக்கின்றனர். 'வேறிடம் செல்க' என்னும் அறிவித்தல், செல்லும் இடத்தைக் கூறாதவிடத்து வெறுங் கடதாசியேயாகும்.

தப்பியோர் முதலில் பாடசாலைகளிலும் பின்னர் மக்கல்தெனியவில் இயங்காதிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். கொழுந்து வாட்டுவதற்கென அமைந்த கட்டடத்தைத் தடுப்புகளால் பிரித்து அறைகளாக்கி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதிலே குடும்பம் நடத்தினர். 2016ஆம் ஆண்டில் பூனாகலைப் பக்கத்தில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. அக்காலத்திலேயே தோட்டக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 7 பேர்ச் காணி என்னும் கொள்கையும் பேசப்பட்டது. மண் மூடிய பின்னரே மண் கிடைத்தது என்னும் கசப்பான உண்மை ஒரு புறமிருக்க, ஊவாவின் பிற சரிவுகளில் அதே அமைப்பில் லயன்கள் நின்றன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு வந்த மழை பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகளைப் பெயர்த்தது.

சுற்றுலா வருவோர் இன்பம் நாடி வருகின்றனர்; அவர்களிடம் துயரத்தைக் காட்டுதல் முறையோ என்னும் மறுப்பு எழக்கூடும். பொம்பெயி நகரின் மேல் சாம்பல் மூடிய கதையைக் கேட்கப் பிரயாணிகள் பணம் கொடுத்தே செல்கின்றனர். எனவே துயரம் தடையன்று. அது போதிய பழமை அடைந்திருக்கவேண்டும் என்பதும், அதற்குப் பொறுப்பாளர் எவரும் உயிருடன் இருத்தலாகாது என்பதுமே எழுதப்படாத விதி. தொல்பொருளியற் சட்டம் ஒரு கட்டடத்தின் வயதைக் கேட்கிறது. அதில் வாழ்ந்தவரைக் கேட்பதில்லை. கோப்பிக் காலத்துப் பண்டகசாலைச் சுவர், கைவிடப்பட்ட லயனின் அடித்தளம், பெயரற்ற மேடுகளாகக் கிடக்கும் தோட்டத்து மயானம், மரத்தடியில் நட்ட கல்லாகத் தொடங்கிக் கோபுரம் பெற்ற மாரியம்மன் கோயில் ஆகியவற்றை அளந்து, படமெடுத்து, பதிவு செய்யும் பணி பெரும்பாலும் செய்யப்படாதே உள்ளது. இப்பணிக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பதுளை, பண்டாரவளை, பசறை, லுணுகலைப் பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவர் விடுமுறைக் காலத்தில் தத்தம் தோட்டத்தில் தொடங்கக்கூடியது. தோட்டங்களுக்குத் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர்களையும், பழைய பெயர்ப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, வயோதிபர் இருக்கும்போதே எழுதிக்கொள்ளல் வேண்டும்; அவை எப்பதிவேட்டிலும் முழுமையாக இல்லை.

தியலுமவின் மேற்றடாகங்களுக்கு வழிகாட்டுவோருள் அத்தோட்டங்களிற் பிறந்த இளைஞரும் உளர். பாறை எங்கே வழுக்கும், மழை எப்போது இறங்கும் என்பதை அவர்கள் அறிவர். மீரியபெத்தை எத்திசையில் உள்ளதென்பதையும் அறிவர். பிரயாணி கேட்டால் கைநீட்டிக் காட்டுவர்.